மலையோர வீடுகளின் போட்டோக்களைக் கிளவுடில் பத்திரமாக வைப்பது எப்படி?

மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு, குமுளி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில். அக்காவைக் கட்டிக்கொடுத்தது கம்பத்தில். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில். மாமா மகன் துபாயில். ஓய்வு பெற்றதும் கம்பெனி வீட்டைக் காலி செய்துவிட்டுக் கயத்தாறுக்கோ சங்கரன்கோவிலுக்கோ திரும்புகிறவர்களும் உண்டு. வீடு மாறும்போதெல்லாம் ஆல்பம் ஒன்று காணாமல் போகிறது. பீரோவுக்குள் பூட்டி வைத்ததிலும் மழைக்காலத்தில் பூஞ்சை ஏறிவிடுகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அருகில் பெட்டிமுடியில் மலை சரிந்து எஸ்டேட் லயன்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனதில் 70 பேரை இழந்தோம். இப்படிப்பட்ட நிலத்தில் குடியிருப்பவர்களுக்கு, வீட்டுப் படங்களின் ஒரு பிரதி வீட்டுக்கு வெகு தொலைவில் இருந்தே ஆக வேண்டும். கிளவுட் சேவை, அதாவது இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் கணினிகளில் படங்களை வைக்கும் வசதி, அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. தயங்காமல் பயன்படுத்துங்கள் என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

ஆனால் புதிதாகச் சேருகிறவர்கள் அதனிடம் எதிர்பார்ப்பது ஒன்று, அது செய்வது வேறொன்று. இலவசம், என்றைக்கும் இருக்கும், எடுத்தபடியே இருக்கும், போனில் அழித்தாலும் மேலே கிளவுடில் இருக்கும், போன் தொலைந்தாலும் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நம்புகிறார்கள். எல்லாமே பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல்தான் பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்களை இழந்துவிட்டு வந்து நிற்கிறார்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கிளவுட் நிறுவனம் உங்கள் படங்களை ஒரு கணக்கின் பெயரில் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைத் திறக்க முடிந்தவருக்குப் படம் உண்டு. முடியாதவர் பெற்ற தாயாக இருந்தாலும் கிடையாது. அதனால் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: கணக்கு உங்கள் கையில் இருக்கிறதா?

ஆண்ட்ராய்டு போன் வாங்கிய அன்று கடைப் பையனே ஜிமெயில் கணக்கு ஒன்றைத் திறந்து, ஏதோ ஒரு பாஸ்வேர்டு போட்டு, போனை நம் கையில் கொடுத்துவிடுகிறான். அது என்ன பாஸ்வேர்டு என்று மறுவாரம் அவனுக்கே நினைவிருக்காது. ஏதோ விண்ணப்பத்துக்காகக் கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவுக்குப் போனபோது அங்கே இன்னொரு கணக்கு திறந்திருப்பார்கள். அடுத்த போன் வாங்கும்போது மூன்றாவது. போன் கையில் இருக்கும்வரை இதனால் எந்தத் தொந்தரவும் தெரியாது. போன் ஆற்றில் விழுந்த அன்றுதான் தெரியும்.

இப்போதே போனில், கூகுளின் கிளவுடில் படங்களை ஏற்றும் செயலியான கூகுள் போட்டோஸைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள வட்டத்தைத் தொடுங்கள். அங்கே தெரியும் மெயில் முகவரியை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் வேறு கணக்குகள் இருந்தால் அவையும் அங்கேயே வரும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, எந்தக் கணக்கில் எந்த ஆண்டுப் படங்கள் கிடக்கின்றன என்று முகவரிக்கு எதிரில் குறியுங்கள். இனிமேல் எல்லாம் ஒரே கணக்கில் ஏறட்டும். எது என்று முடிவு செய்ததும் அதன் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பழைய பாஸ்வேர்டு தெரியாவிட்டாலும் பயமில்லை. கணக்கு திறந்திருக்கும் போனிலிருந்து, மறந்துவிட்டது என்ற வழியில் போனால், திரையைத் திறக்கும் எண்ணையோ விரல் ரேகையையோ பெரும்பாலும் அடையாளமாக ஏற்றுக்கொள்ளும். போன் தொலைந்த பிறகு இந்தச் சலுகை கிடையாது.

எல்லையில் வாழும் நமக்கு இன்னொரு தனிச் சிக்கல் இருக்கிறது. கேரள எண் ஒன்று, தமிழ்நாட்டு எண் ஒன்று என்று இரண்டு சிம் வைத்திருக்கிறோம். எஸ்டேட்டில் எது சிக்னல் எடுக்கிறதோ அதற்கே ரீசார்ஜ் செய்கிறோம். மற்றது கிடப்பில் கிடக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, பிரீபெய்டு சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம். பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போய்ச் சேரும். கணக்கை மீட்கும் எண்ணாக நீங்கள் கொடுத்திருப்பது அந்த எண்தான் என்றால், ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவர் போனுக்குப் போகும். ஆகவே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், அங்கே இருக்கும் எண் இன்றைக்கு உயிரோடிருக்கும் எண்தானா என்று பாருங்கள். மீட்பு மெயில் என்ற இடத்தில் மகனுடையதோ மகளுடையதோ முகவரியைக் கொடுங்கள். இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு அடையாளமும் கேட்கும் ஏற்பாடு) இயக்கினால், போன் கையில் இல்லாதபோது கணக்கைத் திறக்கக் கூகுளிடமிருந்து பத்து எண்கள் பெறலாம். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் பயன்படுத்தலாம். அவற்றைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். போனுக்குள்ளேயே படம் பிடித்து வைத்தால் அதனால் பயனில்லை. ஐபோன்காரர்களும் ஆப்பிள் கணக்குக்கு இதே வேலையைச் செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: இலவச இடம் எவ்வளவு, அது எதில் கரைகிறது?

கூகுள் தருவது 15 ஜி.பி. ஆப்பிளின் ஐகிளவுட் தருவது 5 ஜி.பி. 'அளவே கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம்' என்று இன்றும் சிலர் சொல்லக் கேட்கிறேன். அது பழைய கதை. 2015-இல் தொடங்கிய கூகுள் போட்டோஸ், அளவு குறைத்த படங்களை எல்லையின்றி ஏற்ற விட்டது உண்மைதான். 2021 ஜூன் 1 முதல் அந்த வசதி நின்றுவிட்டது. அதற்கு முன் அப்படி ஏற்றியவை 15 ஜி.பி. அளவில் சேராது. பின் ஏற்றியவை எல்லாம் சேரும். பிளிக்கர் என்ற சேவை 2013-இல் இலவசமாகவே ஒரு டெராபைட் (சுமார் 1,000 ஜி.பி.) கொடுத்தது. 2018-இல் உரிமையாளர் மாறிய பிறகு, இலவசக் கணக்கு என்றால் 1,000 படங்கள்தான் என்று சுருக்கிவிட்டது. கூகுள் நடத்திய சமூக வலைத்தளமான ஆர்குட்டை நினைவிருக்கிறதா? 2014 செப்டம்பரில் அதை மூடிவிட்டார்கள். இலவசமாகக் கொடுப்பவர்கள் விதியை மாற்றுவார்கள் என்று எதிர்பார்ப்பதே சரியான எதிர்பார்ப்பு.

கூகுளின் 15 ஜி.பி. போட்டோவுக்கு மட்டுமல்ல. ஜிமெயிலும், கோப்புகளை வைக்கும் கூகுள் டிரைவும் அதே இடத்தைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. 2024 முதல் ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப் காப்புப் பிரதியும் அதிலேயே சேர்கிறது. ஒரு படம் 3 எம்.பி. என்று வைத்தால் 15 ஜி.பி.க்குள் சுமார் 5,000 படங்கள் அடங்கும். வீடியோ வேறு ரகம். 4கே தரத்தில் எடுத்தால் ஒரு நிமிடமே 170 எம்.பி.யைத் தாண்டக்கூடும். கோயில் திருவிழாவில் காவடியாட்டத்தைப் பத்து நிமிடம் எடுத்தால் ஒரே மூச்சில் ஐந்நூறு படங்களுக்கான இடம் போய்விடும். இடம் முழுதாக நிறைந்துவிட்டால் படம் ஏறாது என்பதோடு போகாது. ஜிமெயிலுக்குப் புது மெயிலும் வராது. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்காணல் கடிதத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே எந்த ஃபோல்டர் ஏற வேண்டும் என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். கேமரா ஃபோல்டர் ஏறட்டும். வாட்ஸ்அப் படங்களின் ஃபோல்டரை அணைத்தே வையுங்கள். காலை வணக்கப் பூக்களும் அரசியல் மீம்களும் உங்கள் 15 ஜி.பி.யைத் தின்ன வேண்டாம். உறவினர் அனுப்பிய நல்ல படம் இருந்தால் அதை மட்டும் தனியாக ஏற்றலாம்.

காசு கொடுத்து இடம் வாங்கலாமா? வீட்டில் மூன்று நான்கு போன்கள் இருந்தால் வாங்கலாம் என்பது என் கருத்து. கூகுள் ஒன் என்ற கட்டணத் திட்டத்தில் வாங்கும் இடத்தை வேறு ஐந்து பேரோடு பகிர்ந்துகொள்ள முடியும். அவரவர் படம் அவரவருக்கு மட்டுமே தெரியும். கம்பத்து அக்காவும் திருப்பூர்த் தம்பியும் அதிலேயே சேர்ந்துகொள்ளலாம். வாங்கும்போது யார் கட்டணம் கட்டுவது என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். பணம் கட்டுவதை நிறுத்திய மறுநாளே படம் அழியாது. ஆனால் இலவச அளவுக்கு மேல் இரண்டு ஆண்டுகள் கிடந்தால் கூகுள் அழிக்கலாம் என்று விதி இருக்கிறது. இதோடு சேர்த்து இன்னொன்று: கணக்கையே இரண்டு ஆண்டுகள் எட்டிப் பார்க்காவிட்டால் கணக்கோடு படங்களும் நீக்கப்படலாம். 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பாட்டி பெயரில் திறந்த பழைய கணக்கு எங்கேயாவது இருந்தால் இந்த வாரமே ஒரு முறை உள்ளே போய் வாருங்கள்.

மூன்றாம் படி: தரம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுளில் முக்கியமாக இரண்டு தெரிவுகள் உண்டு. எடுத்தபடியே வைப்பது ஒன்று. சேமிப்புக்காகச் சுருக்குவது மற்றது. அதில் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படம் 16-க்கு இறங்கும், வீடியோ 1080p தரத்துக்கு இறங்கும். சுருக்கிய 16 மெகாபிக்சல் படத்தை 24 அங்குலத்துக்கு 16 அங்குலம் வரை நன்றாகவே அச்சிடலாம். வீட்டுச் சுவரில் மாட்ட இதற்கு மேல் என்ன வேண்டும்? போனில் எடுக்கும் அன்றாடப் படங்களுக்குச் சுருக்கும் வழியே போதும். ஸ்டூடியோக்காரர் பென்டிரைவில் தந்த கல்யாணப் படங்களை மட்டும் சுருக்காமல் ஹார்டு டிஸ்கில் வையுங்கள்.

உங்கள் படம் உண்மையில் எப்படி இருக்கிறது என்று பார்க்க, ஏதாவது ஒரு படத்தைத் திறந்து விரலால் மேல்நோக்கித் தள்ளுங்கள். தேதி, இடம், கோப்பின் பெயர், மெகாபிக்சல், எம்.பி., காப்புப் பிரதி எடுக்கப்பட்டதா இல்லையா என்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். சில நூறு கே.பி. மட்டுமே காட்டினால் அது வாட்ஸ்அப் வழியாகச் சுருங்கி வந்த படம். அதை எந்தக் கிளவுடில் வைத்தாலும் தரம் திரும்பாது. அசல் படம் வேண்டுமென்றால், எடுத்தவரிடம் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே படம் அனுப்பிக்கொள்வதைச் சேமிப்பு என்று நினைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அது சேமிப்பு அல்ல. அந்தப் படங்கள் போனில்தான் இருக்கின்றன.

நான்காம் படி: ஏற்றுவது

எஸ்டேட்டுகளில் சிக்னல் ஒரு மேட்டில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. தரும் திட்டத்தில் 15 ஜி.பி. படங்களை ஏற்றுவதென்றால், வேறு எதையும் பார்க்காமல் இருந்தாலே பத்து நாள் பிடிக்கும். அதனால் முதல் முறை ஏற்றுவதை மட்டும் வைஃபை உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்துக்கோ தேனிக்கோ உறவினர் வீட்டுக்குப் போகும்போது இரவில் சார்ஜில் போட்டு, கூகுள் போட்டோஸைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குங்கள். பல போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணி வேலையை நிறுத்திவிடுகின்றன. அந்த செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் தடங்கல் இருக்காது. பிறகு நாள்தோறும் எடுக்கும் நாலைந்து படங்களுக்கு மொபைல் டேட்டாவே போதும். வீடியோவை மட்டும் வைஃபைக்கு ஒதுக்குங்கள்.

படம் எடுத்த நொடியே மேலே போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஏற்றி முடிந்தது என்று செயலியே சொல்லும்வரை அந்தப் படம் போனில் மட்டும்தான் இருக்கிறது.

ஐந்தாம் படி: அழிப்பதற்கு முன் நில்லுங்கள்

அதிக இழப்பு நேர்வது இங்கேதான். பக்கத்து லயனில் இருக்கும் ஓர் அக்காவின் போனில் இடம் நிறைந்துவிட்டது. கூகுள் போட்டோஸைத் திறந்து, மகளின் வளைகாப்புப் படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேர்ந்தெடுத்துக் குப்பைத்தொட்டிப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். "போனிலிருந்துதானே அழிக்கிறேன் தம்பி, மேலே இருக்கிறதல்லவா?" என்றார். மேலேயும் இல்லை. அந்தச் செயலியில் அழித்தால் போனிலும் கணக்கிலும் சேர்ந்தே அழியும். ஐபோனிலும் அப்படித்தான், ஐகிளவுட் போட்டோஸ் இயங்கினால் ஒரு கருவியில் அழித்தது எல்லாக் கருவிகளிலும் அழியும். மேலும் கீழும் ஒன்றுபோல வைத்திருப்பதே இவற்றின் வேலை. நல்லவேளையாக, அழித்தவை உடனே போய்விடுவதில்லை. கூகுளில் ஏற்றிய படம் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். ஆப்பிளில் 30 நாள். அக்காவின் படங்கள் எல்லாம் அங்கே அப்படியே இருந்தன. நீண்ட நேரம் அழுத்தித் தேர்ந்தெடுத்து மீட்டெடுக்கும் பொத்தானைத் தொட்டதும், வளையல் அடுக்கிய கைகள் திரையில் வரிசையாகத் திரும்பி வந்தன.

போனில் மட்டும் இடத்தைக் காலி செய்ய வேறு வழி உண்டு. மூலை வட்டத்தைத் தொட்டால், இந்தக் கருவியில் இடத்தைக் காலியாக்கு என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும். ஏற்றி முடித்த படங்களை மட்டும் போனிலிருந்து நீக்கும் பொத்தான் அது. ஆனால் அதை அழுத்திய பிறகு உலகத்தில் உங்கள் படத்துக்கு ஒரே பிரதிதான் மிஞ்சுகிறது. ஆறாம் படியை முடிக்காமல் அதைத் தொட வேண்டாம்.

ஆறாம் படி: உங்கள் கையிலும் ஒரு பிரதி

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். கணினித் தொழிலில் இருப்பவர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் கணக்கு இது. போன் ஒன்று, கிளவுட் இரண்டு, ஹார்டு டிஸ்க் மூன்று. கணினி இருந்தால் போனைக் கேபிளில் இணைத்து கேமராப் படங்கள் இருக்கும் டி.சி.ஐ.எம். ஃபோல்டரை அப்படியே நகலெடுங்கள். கணினி இல்லாவிட்டால் போனில் நேராகச் செருகும் ஓ.டி.ஜி. பென்டிரைவ் போதும். ஏற்கெனவே கூகுளில் மட்டும் இருக்கும் படங்களைத் திரும்ப எடுக்க கூகுள் டேக்அவுட் என்ற வசதி இருக்கிறது. கேட்டால் எல்லாவற்றையும் ஜிப் கோப்புகளாகக் கட்டி மெயிலில் இணைப்பு அனுப்பும். சில நாட்களில் அந்த இணைப்பு காலாவதியாகிவிடும் என்பதால், நல்ல வைஃபையும் ஹார்டு டிஸ்க்கில் இடமும் உள்ள நாளில் கேளுங்கள். ஜிப்புக்குள் படங்களோடு ஜேசன் என்ற சிறு கோப்புகளும் வரும். எடுத்த தேதி, விவரம் எல்லாம் அவற்றில் இருக்கிறது. குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

ஹார்டு டிஸ்க்கை நம் மலையில் வைப்பதைவிடக் கீழே, தேனிப் பக்கத்து உறவினர் வீட்டில் வைப்பது நல்லது. பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ போகும்போது புதுப் படங்களைச் சேர்த்துவிட்டு, பழைய படங்களில் நாலைந்தைத் திறந்தும் பாருங்கள்.

பழைய ஸ்டூடியோப் படங்களையும் மறக்க வேண்டாம். ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளிலிருந்து வெளியே எடுத்து, வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரம் வைத்து, நேர் மேலிருந்து படம் பிடியுங்கள். கூகுளின் போட்டோஸ்கேன் செயலி பளபளப்பை ஓரளவு நீக்கித் தரும். படத்தில் இருப்பவர்களின் பெயரை விவரப் பகுதியில் உடனே எழுதுங்கள். யார் யார் என்று சொல்லக்கூடிய பெரியம்மா பக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

எவற்றை ஏற்றக் கூடாது?

குழந்தையைக் குளிப்பாட்டும் படம் எடுக்காத தமிழ் வீடு உண்டா? ஆனால் உடையில்லாத குழந்தைகளின் படங்களைக் கிளவுட் நிறுவனங்களின் இயந்திரங்கள் குற்றப் படங்களாக எண்ணிக் கணக்கையே முடக்கிவிடலாம். சிறுவயதில் பாட்டி தன்னைக் குளிப்பாட்டிய படத்தை டிரைவில் ஏற்றியதால் கணக்கு முடங்கிவிட்டதாக ஒரு பொறியாளர் முறையிட, 2024-இல் குஜராத் உயர் நீதிமன்றம் கூகுளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. கணக்கு முடங்கினால் மெயிலும், எல்லாப் படங்களும் சேர்ந்து முடங்கும். அந்தப் படங்கள் அச்சிட்ட ஆல்பத்தில் மட்டும் இருக்கட்டும்.

ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றைப் படமாக வைப்பதற்குப் பதில் அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தை உறவினருக்கு இணைப்பாக அனுப்பும்போது, அந்த இணைப்பு யார் கைக்குப் போனாலும் திறக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அவரவர் மெயில் முகவரியைச் சேர்த்துப் பகிர்ந்தால் அந்தக் கவலை இல்லை.

கடைசியாக இரண்டு வேலைகள்

ஒன்று, சோதனை. நம்பிக்கையான ஒருவரின் கணினியில், பிரவுசரில் தடம் பதியாத (இன்காக்னிட்டோ) ஜன்னலைத் திறந்து உங்கள் கணக்குக்குள் போங்கள். மிகப் பழைய படம் ஒன்று, நேற்று எடுத்தது ஒன்று, வீடியோ ஒன்று. மூன்றும் திறந்தால் நீங்கள் எதிர்பார்த்தது நடக்கிறது. திறக்காவிட்டால் எந்தப் படியில் தவறியது என்று மேலே போய்ப் பாருங்கள். முடிந்ததும் வெளியேற மறக்காதீர்கள்.

இரண்டாவது, நமக்குப் பிறகு யார் என்பது. கூகுள் கணக்கின் அமைப்புகளில் செயல்படாக் கணக்குக்கான பகுதி ஒன்று இருக்கிறது. கணக்கு 3, 6, 12 அல்லது 18 மாதம் அசைவின்றிக் கிடந்தால் யாருக்குத் தகவலும் படங்களும் போக வேண்டும் என்று அங்கே முன்கூட்டியே சொல்லலாம். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். ஆப்பிளில் இதற்கு மரபுத் தொடர்பாளர் (Legacy Contact) என்ற ஏற்பாடு 2021 டிசம்பரிலிருந்து உண்டு. அவரிடம் ஒரு திறவுகோல் எண் இருக்க வேண்டும். இறப்புச் சான்றிதழையும் அவர் காட்ட வேண்டும். அந்த எண்ணை அச்செடுத்து, முதல் படியில் எழுதிய தாளோடு சேர்த்து வைத்து, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லிவிடுங்கள்.